பவளத்தொட்டியில் தட்டைப்புழு: கேள்வியும் பதிலும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் அன்பர்கள் எழுதிக் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (லிந்தாங்): ஐயா, கண்ணாடியிலும் மணலிலும் துரு நிறத்தில் படலம் படர்கிறது. பாசியா, புழுவா?

பதில்: உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள். பாசி நகராது. மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளத்தில், வால் பக்கம் பிளவுபட்டு, மெல்ல ஊர்ந்தால் அது கன்வோலுட்ரிலோபா ரெட்ரோஜெம்மா, அதாவது நாம் 'சிவப்புப் புழு' என்று சொல்வது. இதன் உடலுக்குள் பாசி குடியிருப்பதால் வெளிச்சம் மிகுந்த இடத்தில்தான் கூட்டமாகச் சேரும். முட்டைக்குக் காத்திராமல் பின்புறத்தில் குட்டி முளைத்துப் பிரிவதால், சில வாரங்களிலேயே பத்து நூறாகிவிடும். பவளத்தை இது தின்பதில்லை. ஆனால் மேலே அடர்ந்து மூடி வெளிச்சத்தை மறைத்துவிடும்.

கேள்வி (அதே அன்பர்): ஆட்டுக்குக் கொடுக்கும் லெவாமிசோல் பூச்சி மருந்து வீட்டில் இருக்கிறது. ஊற்றலாமா?

பதில்: தோட்டத்தில் ஆடு வளர்த்த குடும்பத்துக்கு இந்த எண்ணம் வருவது இயல்பே, லெவாமிசோலை இப்புழுவுக்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. ஆயினும் ஆட்டு மருந்தின் செறிவும் அதில் சேர்ந்துள்ள பிற பொருள்களும் கடல்நீர்த் தொட்டிக்காகக் கணக்கிடப்பட்டவை அல்ல என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தட்டைப்புழுவுக்கென்றே விற்கும் 'ஃப்ளாட்வோர்ம் எக்ஸிட்' போன்ற மருந்தை அதன் தாளில் உள்ள அளவுப்படி பயன்படுத்துங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இப்புழு சாகும்போது உடலிலிருந்து நஞ்சு வெளியாகும். மீனைக் கொல்வது பெரும்பாலும் மருந்தன்று, ஒரே நேரத்தில் செத்த ஆயிரம் புழுக்களே. முதல் தடவை நான் எதையும் உறிஞ்சி எடுக்காமல் மாலையில் மருந்தை விட்டேன். இரவுக்குள் தண்ணீர் செந்நிறமாகி, காலையில் இரண்டு மீன்கள் மிதந்தன. ஆகையால் முதலில் ஒரு வாரம், காற்றுக்குழாய் அளவுள்ள மெல்லிய குழாயால் தினமும் புழுக்களை உறிஞ்சி எடுங்கள். நஞ்சை உறிஞ்சும் புதிய ஆக்டிவேட்டட் கார்பனும், தொட்டி நீரில் கால் பங்குக்குக் குறையாத அளவு கலந்து வைத்த உப்புநீரும் தயாராக இருந்தால்தான் மருந்துப் புட்டியைத் திறக்க வேண்டும்.

கேள்வி (செம்மோர்): காளான் பவளத்தின் மேல் வட்டமான பழுப்புப் பொட்டுகள் ஒட்டியிருக்கின்றன.

பதில்: வாமினோவா என்ற புழு இனமாக இருக்கலாம். தனிப் பாத்திரத்தில் பவளத்தை மருந்து நீரில் முக்கி, மெல்ல உலுக்கினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அந்த நீரைத் தொட்டிக்குள் ஊற்றிவிடாதீர்கள்.

கேள்வி (குவாலா கங்சார்): அக்ரோபோரா என்ற கிளைப்பவளம் அடியிலிருந்து வெளுத்து வருகிறது. புழு எதுவும் கண்ணில் படவில்லை.

பதில்: கண்ணில் படாததுதான் இதைத் தாக்கும் தட்டைப்புழுவின் தன்மை. அக்ரோபோராவையே தின்று வாழும் இப்புழுவுக்கு 2011-ல்தான் அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. இன்று அது புரோஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே எனப்படுகிறது. தின்ற பவளத்தின் நிறத்தையே தன் உடலில் ஏற்றிக்கொள்வதால், கிளையோடு கிளையாக மறைந்திருக்கும். பெரிய சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பிக் கிளைகளின் நிழல் பக்கத்தில் வேகமாகப் பீய்ச்சினால் சில கழன்று விழும். வெளிறிய வட்டமான கடித்தடங்களும், அடியில் சதை போன எலும்பின் மேல் பொன்பழுப்பு நிறத்தில் முட்டைக் கூட்டங்களும் இருந்தால் ஐயமே வேண்டாம்.

மருந்து நீர் புழுவைக் கொல்லுமே தவிர முட்டையைத் தொடாது. முட்டைகளைக் கத்தியால் சுரண்டுங்கள். முடிந்தால் அடிப்பகுதியையே வெட்டி எறிந்துவிட்டுக் கிளையைப் புதிய தாங்கியில் ஒட்டுங்கள். 27 பாகை செல்சியஸில் ஒரு தலைமுறை முடிய ஏறக்குறைய 38 நாள் ஆகும். சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத நம் வீட்டுத் தொட்டிகளில் சூடு அதற்கு மேல் போனால் முட்டை இன்னும் விரைவில் பொரிக்கும். எனவே அக்ரோபோரா அனைத்தையும், ஒரு துண்டுகூட விடாமல், வெறும் தொட்டிக்கு மாற்றி, வாரம் ஒரு முறை வீதம் ஆறேழு வாரம் முக்கி எடுங்கள். உணவின்றிப் போவதால் பெரிய தொட்டியில் எஞ்சியவையும் மடிந்துவிடும்.

கேள்வி (சுங்கை சிப்புட்): புழுவைத் தின்னும் நத்தை உண்டாமே?

பதில்: மலாயில் 'சிப்புட்' என்றால் நத்தை; அதன் பெயரைச் சுமக்கும் ஊரிலிருந்து வர வேண்டிய கேள்விதான்! கெலிடோனுரா வேரியன்ஸ் என்பது வெளியே ஓடு தெரியாத கடல்நத்தை. கறுப்பு உடலில் நீலக் கோடுகள் இருக்கும். சிவப்புப் புழுவை ஆவலோடு தின்னும், ஆனால் வேறெதையும் தின்னாது. புழு தீர்ந்ததும் பட்டினியால் சாகும் என்பதால், புழு உள்ள வேறொருவரிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்துகொண்டு வாங்குங்கள். நத்தை உள்ளே இழுபடாமல் இருக்கப் பம்பின் வாயில் பஞ்சு கட்டுவதையும் மறக்க வேண்டாம். ஆறு கோட்டு ராஸ், மஞ்சள் ராஸ் ஆகிய மீன்களும் புழுவைக் கொத்தும். எண்ணிக்கையை அடக்கி வைக்க அவை உதவுமே அன்றி, முற்றிய தொற்றை அவற்றால் ஒழிக்க முடியாது.