அபூர்வ சக்தியுள்ள பிள்ளையைத் தீய சக்தி தேடி வருவது படங்களில் மட்டும்தானா?

இரண்டு நாளாக இந்தக் கேள்வியைத் தாண்டிப் போனேன், இன்று முடியவில்லை. நீங்களும் வீட்டில் அப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இந்த வகையில் நான் பார்த்தது 2000இல் வந்த 'பிளெஸ் தி சைல்ட்'. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்ட படம்தான், கீழே வந்து யாரும் சொல்ல வேண்டாம். தங்கை விட்டுப்போன பெண் குழந்தையை கிம் பேசிங்கர் வளர்ப்பார், குழந்தையிடம் தெய்வ சக்தி இருக்கும், ஒரு கும்பலின் தலைவன் அவளைத் தன் பக்கம் இழுக்கப் பார்ப்பான். நானும் தங்கை மகளை வளர்த்தவள். காரணம் எழுத மாட்டேன்.

அவளுக்கு அப்போது ஆறு வயது. சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு. சீனர்களின் ஏழாம் மாதம், ஆவிகள் வரும் மாதம் என்பார்கள், கீழே கூடாரம் போட்டு கெத்தாய் என்கிற மேடைப் பாட்டுக் கச்சேரி. முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்கென்று காலியாக விடுவார்கள், தெரியும்தானே. இவள் நேரே போய்த் தன் மைலோ பாக்கெட்டை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு வந்து, "பெரியம்மா, அந்தப் பாட்டிக்குத் தாகம்" என்றாள். இன்னொன்று, போன் அடிக்கும் முன்பே யார் என்று சொல்லிவிடுவாள். வருடத்துக்கு மூன்று தடவை அழைக்கிற தன் அம்மாவைக்கூட.

நான் செய்த தப்பு, இதை ஒரு வீடு குடிபுகும் விருந்தில் பெருமையாகச் சொன்னது. அண்ணன் முறை ஒருவர், அவளுக்கு மாமா, அடுத்த வாரமே ஊரிலிருந்து வந்திருந்த ஒரு சாமியாரை அழைத்து வந்துவிட்டார். குரல் தேன் மாதிரி இருக்கும். "அம்பாள் இறங்கின பிள்ளைம்மா, மூணு வெள்ளிக்கிழமை எங்கிட்ட உட்காரட்டும்" என்றார். நானும் உட்கார வைத்தேன். படத்தில் கொலை, நெருப்பு என்று என்னவெல்லாமோ வரும், இங்கே வந்தது நாலு நம்பர் லாட்டரி. சனிக்கிழமை குலுக்கலுக்கு என்ன நம்பர் என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் பெரியவர்கள் வரிசையில் நின்று கேட்டார்கள், தட்டில் ஐம்பது வெள்ளி நோட்டு. அவள் அன்றிரவு சாப்பிடவில்லை, படுக்கையை நனைத்தாள்.

இரண்டாம் வெள்ளிக்கிழமை பூஜை நடுவிலேயே தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். "உன் வீட்டில் விளக்கு எரியாது" என்றார், அதே தேன் குரலில். டாக்ஸியை வீரமாகாளியம்மன் கோயிலில் நிறுத்தச் சொல்லி அவள் நெற்றி நிறையத் திருநீறு பூசினேன். பகுத்தறிவுக்காரர்கள் சிரிக்கலாம், பக்தர்கள் சாமியாரைப் பழிக்கிறாள் என்று திட்டலாம். எனக்கு அன்றைக்கு இரண்டு பயமும் இருந்தது. பிள்ளைக்கு என்ன தெரிந்தாலும் காது கொடுத்துக் கேளுங்கள், வெளியில் வாய் திறக்காதீர்கள். நம்பர் எடுக்கிற சொந்தக்காரர்களிடம் சத்தியமாக வேண்டாம்.

அப்புறம் அதே மாமா. 1984இல் தொடங்கிய கிஃப்டட் திட்டம் இருந்ததே, அதிபுத்திசாலிப் பிள்ளைகளுக்கென்று, தொடக்கநிலை 3இல் தேர்வு வைத்து நூற்றுக்கு ஒருவரை எடுத்தார்கள், அதற்குத் தனித் துணைப்பாட வகுப்பில் சேர்க்கச் சொல்லி என்னை அரித்தார். சேர்த்தேன். அந்த நிலையத்துக்குக் கட்டிய பணத்தில் ஒரு தடவை ஊருக்குப் போய் வந்திருக்கலாம், இரண்டு மாதம் பழைய தாள்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்ததுதான் மிச்சம். 2024இல் அந்தத் திட்டத்தை மாற்றப் போவதாக அறிவித்த அன்று நான் பாயசமே வைத்தேன்.

அவள் தேர்வாகவில்லை. "சக்தியெல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்பதற்காகவே மாமா போன் செய்தார். ஆனால் அது அடிப்பதற்கு முன்பே அவள் "மாமா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.