வெயிலில் உருகும் பறவை உருண்டை

பறவைகள் கொத்தித் தின்ன மாட்டுக்கொழுப்பில் தானியமும் தேனும் கலந்து செய்த உருண்டை மதியத்துக்குள் ஒழுகிவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். கொழுப்பை ஒரு தடவை மட்டும் உருக்கினால் அப்படித்தான் ஆகும். உருக்கி, வடிகட்டி, ஆறவைத்து, மறுபடியும் உருக்கி ஆறவிடுங்கள், நன்றாக இறுகும். அப்புறம் சோளமாவும் ஓட்ஸும் தாராளமாகச் சேருங்கள், கையில் ஒட்டாத பதம் வரவேண்டும். தேன் வேண்டவே வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். உப்பும் சேர்க்க வேண்டாம்.

சரி, இவ்வளவு செய்தும் இளகினால், கோடை முடியும்வரை கொழுப்பையே நிறுத்திவிடலாம். உருகிய கொழுப்பு இறகில் படிந்தால் தண்ணீர் ஒட்டாத தன்மை கெட்டுவிடும். பறவைக்கு அது பெரிய தொல்லை. வெறும் சூரியகாந்தி விதை வையுங்கள். உருண்டையைவிட அதற்குத்தான் கூட்டம் அதிகம் வரும் என்பது என் எண்ணம். எதை வைத்தாலும் நிழலில் வையுங்கள்.