அடக்க ஆராதனையில் சபைகுரு சொன்ன ஆச்சி வேறு, எங்கள் ஆச்சி வேறு

கேள்வி: பக்தியும் துணிச்சலுமாக நீண்ட காலம் வாழ்ந்த பெண்மணி யாராவது உங்கள் குடும்பத்தில் உண்டா? அவரைப் பற்றிச் சொல்ல முடியுமா?

உண்டு. என் அப்பாவைப் பெற்ற ஆச்சி. 1921-இல் பிறந்து 2018-இல் காலமானார். திருநெல்வேலிச் சீமையின் தெற்கே, தேரிக்காட்டை ஒட்டிய ஒரு கிறிஸ்தவ கிராமம். அடக்க ஆராதனையில் சபைகுரு அவரைச் "சாந்தமும் அமைதியுமுள்ள தாயார்" என்று வருணித்தபோது, முன்வரிசையில் இருந்த பெரிய அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று ஊர் நினைத்தது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். ஆச்சிக்குப் பக்தி உண்டு, அதில் சந்தேகமே இல்லை. சாந்தத்துக்கும் அவருக்கும்தான் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

பதினெட்டு வயதில் கல்யாணம். தாத்தா ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சென்னையில் கப்பலேறி, தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போன பயணம். கூட வந்த பெண்கள் வாந்தியும் மயக்கமுமாகக் கிடக்க, எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று காட்டும்படி இவர் புது மாப்பிள்ளையை நச்சரித்தாராம். 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் மக்களில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். தமிழை வைத்துக்கொண்டே காலம் தள்ளியிருக்கலாம். ஆச்சி சந்தையில் பேரம் பேசிப் பேசியே பர்மிய மொழியைப் பிடித்துவிட்டார்.

1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு வீசின. 25-ஆம் தேதி மறுபடியும் வந்தன. தன் ஆயுளில் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போகாத ஒரே வருடம் அதுதான் என்பது அவருக்குத் தீராத மனக்குறை. குண்டு விழுந்ததைவிட அதைத்தான் அதிகம் சொல்லிக் காட்டுவார்.

கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் போனார்கள். மற்றவர்கள் நடந்தார்கள், லட்சக்கணக்கில். ஆச்சியும் தாத்தாவும், இடுப்பில் ஒரு வயதுப் பெரிய அத்தையுமாக, புரோம் நகர்வரை வந்து, ஐராவதி ஆற்றைக் கடந்து, அரக்கான் மலைகளின் மேலே தவுங்குப் நோக்கி நடந்தார்கள். அங்கிருந்து படகில் அக்யாப், பிறகு சிட்டகாங், கல்கத்தா, கடைசியில் ரயில். வழியெல்லாம் காலரா. வழியோரத்தில் கிடந்தவர்களைப் பற்றி மட்டும் அவர் வாய் திறந்ததில்லை. நாங்களும் ஒரு வயதுக்கு மேல் கேட்பதை விட்டுவிட்டோம். ஆனால் பர்வதங்களுக்கு நேராகக் கண்களை ஏறெடுக்கும் 121-ஆம் சங்கீதத்தைக் குடும்ப ஜெபத்தில் யாராவது வாசித்தால், "இதைப் பாடினவர் அந்த மலையில் ஏறியிருக்கமாட்டார்" என்று முணுமுணுப்பார். ஒத்தாசை மலையிலிருந்து அல்ல, வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரிடமிருந்து வரும் என்ற இரண்டாம் வசனம் வந்ததும் "இது சரி" என்று தலையாட்டுவார். சங்கீதக்காரனுக்கே மதிப்பெண் போட்ட ஆள்.

எனக்கு மிகவும் பிடித்தது அரிசிக் கதை. எங்கள் பக்கத்துச் சபைகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துக் கலயத்தில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணிக்கையாகக் கொடுப்பார்கள். ஆச்சி அந்த மலைப்பாதையிலும் இதை விடவில்லை. கோயில் இல்லாததால், அந்தப் பிடியை அன்றன்று அரிசி தீர்ந்துபோன யாருக்காவது கொடுத்துவிடுவார். தாத்தாவுக்கு ஆத்திரம், பிள்ளைக்கு நாளை என்ன என்று சண்டை. பிறகு மூட்டை அடி தட்டியது. "அப்போது நிறுத்திவிட்டேன்" என்று ஆச்சி மறைக்காமல் சொல்வார்.

ஊர் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக, தவறிப்போன பிடிகளைக் கணக்கிட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சுவரில் கரியால் கோடு கிழித்தார். அன்றாடப் பிடி போக, கூடுதலாக ஒரு பிடி எடுத்து வைக்கும்போதெல்லாம் ஒரு கோடு அழியும். பர்மா அரிசி வரத்து நின்றுபோய், சென்னை மாகாணமே அரிசிக்குத் திண்டாடிய நேரம் அது. ஆபத்துக் காலத்துக் கணக்கை ஆண்டவர் பார்ப்பாரா என்று தாத்தா கேட்டதற்கு, "அவர் பார்க்கமாட்டார். நான் பார்க்கிறேன்" என்றாராம். அவருடைய பக்தி எப்படிப்பட்டது என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பதிலைத்தான் சொல்வேன். நரகத்துக்குப் பயந்து கும்பிட்டவர் அல்ல அவர். கொடுத்த வாக்கு என்று ஒன்று இருந்தால் அதை நிறைவேற்றாமல் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

தாத்தா 1950-களிலேயே இறந்துவிட்டார். அதன்பின் ஆசிரியர் பயிற்சி, திருச்சபைப் பள்ளியில் வேலை, பிள்ளைகளைக் கரையேற்றுவது என்று எல்லா வீட்டிலும் உள்ள பாடுகள்தான்.

1964-இல் மறுபடியும் ஒரு புறப்பாடு. பர்மாவில் இராணுவ ஆட்சி கடைகளை அரசுடைமையாக்கி, மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்திருந்தது. இந்தியர்கள் வெறுங்கையோடு கப்பல் கப்பலாகச் சென்னைக்கு வந்துகொண்டிருந்தார்கள். ரங்கூனில் பக்கத்து வீட்டிலிருந்த இராமநாதபுரத்து முஸ்லிம் தோழியிடமிருந்து, தானும் வருவதாகக் கடிதம் வந்தது. எந்தக் கப்பல், எந்தத் தேதி என்று எதுவும் இல்லை. ஆச்சி பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டுத் தனியாக ரயில் ஏறினார். துறைமுகத்திலும் முகாம்களிலும் பெயரைச் சொல்லி விசாரித்துத் தேடி, ஆளைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்து இறங்கினார். கணவரை இழந்தவர், பிள்ளைகளும் இல்லை. எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். ஊரில் சிலர் முகம் சுளித்தார்கள். உள் அறையில் மேற்குச் சுவரை ஒட்டித் தொழுகைப் பாய்க்கு இடம் ஒதுக்கியதே ஆச்சிதான்.

நாங்கள் அவரை ரங்கூன் ஆச்சி என்று கூப்பிட்டோம். இரண்டு பேரும் நாள் தவறாமல் சண்டை போடுவார்கள்: வெற்றிலைக்கு, ஜன்னலைத் திறப்பதற்கு, 1940-இல் யாரோ யாருக்கோ திருப்பித் தராத பாத்திரத்துக்கு. பிள்ளைகளுக்குப் புரியக் கூடாது என்று எல்லாமே பர்மிய மொழியில்தான் நடக்கும். அந்த மொழியில் நலமா என்று கேட்கக்கூட எங்கள் வீட்டில் இன்று யாருக்கும் தெரியாது. வசவுகள் மட்டும் பேரப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மனப்பாடம்.