விசுவாசத்தை வாயால் அறிக்கையிடுவது ஏன்?

கேள்வி: ஞாயிறு ஆராதனையில் எல்லாரும் எழுந்து நின்று விசுவாசப்பிரமாணம் சொல்கிறோம். வேதாகமம் இருக்கும்போது மனிதர் தொகுத்த வாக்கியங்கள் எதற்கு? உள்ளத்தில் விசுவாசம் இருந்தால் போதாதா? ‘பாதாளத்தில் இறங்கினார்’ என்ற வரி எனக்குப் புரியவில்லை. புரியாததைச் சொல்வது பொய்யாகாதா?

பதில்: உள்ளத்தில் இருந்தால் போதாதா என்ற எண்ணம் நான்காம் நூற்றாண்டு ரோமின் பேரறிஞர் ஒருவருக்கும் இருந்தது. மாரியுஸ் விக்டோரினுஸ் என்ற அந்தச் சொற்கலை ஆசிரியருக்குப் பொதுமன்றத்தில் சிலையே வைத்திருந்தார்கள். வேதத்தை ஆராய்ந்து தெளிந்தபின், தாம் கிறிஸ்தவராகிவிட்டதாகச் சிம்பிளிசியானுஸ் என்பவரிடம் தனிமையில் சொன்னார். திருச்சபையில் உம்மைக் காணும்வரை நம்பமாட்டேன் என்றார் அவர். சுவர்களா ஒருவனைக் கிறிஸ்தவனாக்குகின்றன என்று விக்டோரினுஸ் திருப்பிக் கேட்டார். செல்வாக்குள்ள நண்பர்களின் பகைக்கு அவர் அஞ்சியதே இதற்குக் காரணம் என்று திருச்சபைத் தந்தையான அகஸ்தீன் தம் ‘அறிக்கைகள்’ நூலில் எழுதுகிறார். ஞானஸ்நானம் பெறுவோர் உயர்ந்த இடத்தில் நின்று, மனப்பாடம் செய்த பிரமாணத்தைச் சபையார் கேட்கச் சொல்வது ரோமில் வழக்கம். கூச்சமுள்ளவர்களுக்கு அளிப்பதுபோல, தனியாகச் சொல்லும் சலுகையை மூப்பர்கள் அளித்தும் விக்டோரினுஸ் அதை ஏற்காமல் எல்லார் முன்பாகவும் சொன்னார். “நீதியுண்டாக இருதயத்திலே விசுவாசிக்கப்படும், இரட்சிப்புண்டாக வாயினாலே அறிக்கைபண்ணப்படும்” என்று பவுல் ரோமருக்கு எழுதியதை அந்த நகரத்திலேயே ஒருவர் வாழ்ந்து காட்டினார். இருதயமும் வாயும் ஒன்றுக்கொன்று மாற்றாக அங்கே வைக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வேதாகமம் போதும் என்கிறீர்கள். அலெக்சாந்திரியாவின் மூப்பரான ஆரியுஸும் வேதத்தை மேற்கோள் காட்டித்தான் குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்தார். “என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்” என்ற வசனம் அவர் தரப்பாருக்குப் பெரிய ஆதாரமாக இருந்தது. ஆகவே வசனத்தை ஒப்புவிப்பதோடு நில்லாமல், அதை எந்தப் பொருளில் ஏற்கிறோம் என்பதையும் சபை சொல்லியாக வேண்டியிருந்தது. 325இல் இன்றைய துருக்கியிலுள்ள நிசேயாவில் கூடிய பேராயர்கள், குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று அறிக்கையிட்டார்கள். இந்தத் தொடர் வேதத்தில் இல்லையே என்று அப்போதே பலர் தயங்கினார்கள். ஆனால் குமாரன் படைப்பு என்றால் நாம் வணங்குவது படைப்பையே என்றாகிவிடும். நம்மை மீட்டவர் கடவுள்தாம் என்று துணிந்து சொல்லவும் முடியாது. இதை விட்டுக்கொடுக்காத அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார்.

அறிக்கையிடும் தேவை பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. ஹிட்லரின் ஆட்சிக்கு இசையச் சபையை வளைக்க முயன்றவர்களை எதிர்த்து, 1934 மே மாதம் ஜெர்மனியின் பார்மனில் கூடிய சபையார், வாழ்விலும் சாவிலும் நாம் கேட்டு, நம்பி, கீழ்ப்படிய வேண்டிய கடவுளின் ஒரே வார்த்தை இயேசு கிறிஸ்துவே என்று அறிவித்தார்கள். அதே அறிக்கை யூதர்களுக்கு நடந்த கொடுமையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை; அதை எழுதுவதில் முதன்மையாக இருந்த இறையியலாளர் கார்ல் பார்த் இதற்காகப் பின்னாளில் வருந்தினார். அந்த வருத்தத்தையும் சேர்த்தே பார்மனை நாம் நினைவுகூர வேண்டும் என்பது என் எண்ணம்.

நீங்கள் குறிப்பிட்ட வரி அப்போஸ்தலர் பிரமாணத்தில் வருகிறது; அதன் பழைய வடிவமான ஆதி ரோமப் பிரமாணத்தில் அது இல்லை; பிற்காலத்தில் சேர்ந்தது. கிறிஸ்து மரித்தோரின் இடம்வரை சென்று வென்றார் என்று சிலரும், சிலுவையில் நரக வேதனையையே அனுபவித்தார் என்று சபைச் சீர்திருத்தவாதி கால்வினும் விளக்கினார்கள். சில சபைகள் அதைச் சொல்வதே இல்லை. எனவே புரியாமல் சொன்னீர்கள் என்பதால் நீங்கள் பொய்யராகிவிட மாட்டீர்கள். நிசேயாவின் பிரமாணம் ‘விசுவாசிக்கிறோம்’ என்று பன்மையில் தொடங்கியது. உங்களுக்கு எட்டாத வரியை அருகில் நிற்பவர் உங்களுக்காகவும் சேர்த்துச் சொல்கிறார். “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று தன் மகனின் சுகத்துக்காக மன்றாடிய தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. சபையாரோடு சேர்ந்து சொல்லுங்கள். அந்த வரியின் பொருளை உங்கள் ஆயரிடம் தயங்காமல் கேளுங்கள்.