பேஸ்டல் நிறங்கள் கலங்கிப்போவது பற்றி

பிரெஞ்சு ஓவியர் டெகாவின் பாலே நடனப் பெண்களைப் பார்த்து, பேஸ்டலில் (சாக்பீஸ் போன்ற பொடி நிறக் குச்சியில்) வரையும்போது மூன்றாவது அடுக்கிலேயே நிறமெல்லாம் கலங்கிச் சாம்பலாகிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். விரலால் தேய்த்துக் கலக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் அதை விடுங்கள்.

டெகா ஒரு அடுக்கு போட்டதும் பிக்ஸேட்டிவ் (நிறப்பொடியைத் தாளில் ஒட்டவைக்கும் திரவம்) தெளித்துப் பொடியைப் பிடிக்க வைத்துவிட்டு, அதன் மேல்தான் அடுத்த நிறத்தைக் கோடு கோடாக இழுத்தார். அடி நிறம் கலையாமல் கோடுகளின் இடுக்கில் தெரியும். மாஸ்கோ புஷ்கின் அருங்காட்சியகத்தில் உள்ள ‘நீல நடனப் பெண்கள்’ படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 1897 வாக்கில் வரைந்தது. அந்த உடைகளில் இருப்பது ஒரே நீலமல்ல; அடர்நீலம், வெளிர்நீலம், நடுவே பச்சைச் சாயல். கலவை நம் கண்ணில்தான் நடக்கிறது. என்ன அழகு!

பிற்காலத்தில் அவர் வழவழப்பான டிரேசிங் பேப்பரில்கூட இத்தனை அடுக்குகள் போட்டார் என்றால், பிக்ஸேட்டிவ் அதில் பெரிய உதவி. நீங்கள் சொரசொரப்பான பேஸ்டல் தாளே வாங்குங்கள், வேலை சுலபம்.

அப்புறம் ஒன்று: பிக்ஸேட்டிவ் நிறத்தைக் கொஞ்சம் இருட்டாக்கும். மேடை வெளிச்சம் படும் தோள், பாவாடை விளிம்பு இவற்றைக் கடைசியில் போட்டு, தெளிக்காமலே விட்டுவிடுங்கள்.