வீட்டை விற்றுவிட்டு வில்லாவுக்குப் போகலாமா?

வணக்கம். எனக்கு 69 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவிக்கு 65, மூட்டுவலி. கும்பகோணத்தில் சொந்த வீடு. படுக்கையறை மாடியில். வீட்டை விற்றுக் கோவையில் முதியோருக்கென்றே கட்டிய குடியிருப்பில் வில்லா வாங்கிவிடுங்கள் என்கிறான் பெங்களூரில் இருக்கும் மகன். சாப்பாடு, நர்ஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் உண்டாம். என்ன செய்யலாம்?
– எஸ்.ஆர்.

அன்புள்ள எஸ்.ஆர். அவர்களுக்கு,

போவதா வேண்டாமா என்பதை நிதானமாக முடிவு செய்யுங்கள். வீட்டை மட்டும் முதலில் விற்காதீர்கள். இப்படிப்பட்ட குடியிருப்புகள் பலவற்றில் வீடு வாடகைக்கும் கிடைக்கும். ஆறு மாதம் இருந்து பாருங்கள். அந்தச் சமையல் ஒத்துவருகிறதா, இரவு இரண்டு மணிக்கு அழைப்பு மணியை அழுத்தினால் யார் வருகிறார்கள், எத்தனை நிமிடத்தில் வருகிறார்கள் என்பதெல்லாம் ஒருநாள் சுற்றிப் பார்த்தால் தெரியாது.

'நர்ஸ் உண்டு' என்றால் பெரும்பாலும் ரத்த அழுத்தம் பார்ப்பதும் முதலுதவியும்தான். படுத்துவிட்டவரைக் குளிப்பாட்டவும் டயபர் மாற்றவும் தனி ஆள், தனிச் சம்பளம். மறதிநோய் முற்றினால் வேறிடம் பார்க்கச் சொல்லும் இடங்களும் உண்டு. நடமாட்டம் நின்றபின் அதே வீட்டில் இருக்க விடுவார்களா என்பதற்கு ஒப்பந்தத்திலேயே பதில் இருக்க வேண்டும். விற்பனையாளர் வாயால் சொல்வது போதாது.

அடுத்தது, இருவரில் ஒருவர் காலமானபின் மற்றவர் மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்? சொல்லக் கூசும் கேள்வி, ஆனால் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சாப்பாடு தலைக்கணக்கு என்பதால் பாதியாகும். பராமரிப்புக் கட்டணம் பொதுவாகச் சதுர அடிக் கணக்கு, அது குறையாது. குடும்ப ஓய்வூதியமோ உங்கள் ஓய்வூதியத்தைவிடக் குறைவு. கட்டணம் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் 9 ஆண்டில் இரட்டிப்பாகிவிடும். ஏற்றத்துக்கு உச்சவரம்பு உண்டா, ஜி.எஸ்.டி. சேர்த்த தொகையா என்று எழுத்தில் வாங்குங்கள்.

வாங்குவதென்றால் கிரயப் பத்திரம் உங்கள் இருவர் பெயரிலும் இருக்கட்டும், மகன் பெயரில் வேண்டாம். கட்டுமானத்தில் இருக்கும் திட்டம் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணை அதன் இணையதளத்தில் சரிபாருங்கள். பிள்ளைகளுக்கு வாரிசுரிமை வரும், ஆனால் குறிப்பிட்ட வயதுக்குக் குறைந்தவர் குடியிருக்கக் கூடாது என்ற விதி இருக்கும். மறுவிற்பனையிலும் வாங்குவோர் வட்டம் சுருங்கும். வீட்டை வாங்காமல் மொத்தத் தொகை கட்டி ஆயுள்வரை குடியிருக்கும் வாழ்நாள் டெபாசிட் முறை என்றால், 'அடுத்தவர் குடிவந்ததும் திருப்பித் தரப்படும்' என்ற வரியைத் தேடுங்கள். அடுத்தவர் வராவிட்டால் பணமும் வராது. நாள் குறித்து எழுதச் சொல்லுங்கள். இதை லீஸாக எழுதினால், ஓராண்டுக்கு மேற்பட்ட லீஸைப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

இதற்கிடையில், இருக்கும் வீட்டைச் சரிசெய்யுங்கள். படுக்கையைக் கீழ்த்தளத்துக்கு இறக்குங்கள். முதியவர்கள் அதிகம் விழுமிடங்களில் ஒன்று குளியலறை. அதற்கு நம் வீடுகளில் வைக்கும் இரண்டரை அடிக் கதவில் நிலை போக மீதி வழி சக்கர நாற்காலிக்குப் போதாது, மூன்றடி வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் உள்பக்கம் தள்ளித் திறக்க முடியாது. வெஸ்டர்ன் டாய்லெட்டின் இருக்கை 45 முதல் 48 செ.மீ. உயரம் இருந்தால் மூட்டுவலிக்காரர் எழுவது எளிது. வழக்கமானவை 40 செ.மீ. அளவில் இருப்பதால் மேடையோ உயர்த்தும் இருக்கையோ தேவை. கைப்பிடிக் கம்பியைச் செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். உறிஞ்சி ஒட்டும் பிடியும் துண்டு போடும் கம்பியும் ஆள் எடையைத் தாங்காது. வாசலில் சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். வாசல் தரைமட்டத்திலிருந்து இரண்டடி உயரம் என்றால் இருபத்துநான்கு அடி. நேராகப் போட இடமில்லாவிட்டால் நடுவில் தட்டையான மேடை விட்டுத் திருப்பலாம்.

வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும் எண்ணம் இருந்தால், 'எங்களைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைச் செட்டில்மென்ட் பத்திரத்திலேயே வெளிப்படையாக எழுதுங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, அது மீறப்பட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம்.

குளியலறை வேலையை இப்போதே தொடங்கிவிடுங்கள். அது முடிந்ததும் கோவையில் ஒரு வீட்டை வாடகைக்குக் கேளுங்கள். உங்கள் மனைவிக்கு அந்த இடம் பிடித்துப்போனால் அதற்குப் பிறகு விற்பதைப் பற்றி மகனோடு பேசலாம்.