நடந்தே சிங்கம் பார்க்கலாமா?

கேள்வி: தேக்கடியில் வழிகாட்டியோடு காட்டுக்குள் நடந்திருக்கிறோம். ஆப்பிரிக்காவிலும் அப்படி முடியுமாமே? எங்கே, எப்போது போகலாம்? பத்து வயதுப் பையனையும் அழைத்துப் போகலாமா?
- வாசகி, குமுளி

பதில்: முடியும். நடைக்கென்றே போவதானால் ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காதான் எங்கள் முதல் தேர்வு. ஜூன் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். புல் தாழ்ந்திருக்கும், விலங்குகள் ஆற்றோரம் கூடும். மழைக்காலத்தில் ஆளுயரப் புல்லுக்குள் எதிரே நிற்பதே தெரியாது.

துப்பாக்கியோடு காவலர் முன்னே, அடுத்து வழிகாட்டி, பிறகு நீங்கள். ஒற்றை வரிசை, பேச்சு கூடாது. சாம்பலை உதிர்த்துக் காற்றின் திசை பார்ப்பார்கள். நம் பக்கமிருந்து வீசினால் யானை மோப்பம் பிடித்துவிடும். சிங்கத்தைவிட, தனியே திரியும் கிழட்டு எருமைக்கும், தண்ணீருக்குத் திரும்பும் வழியை நாம் மறித்துவிட்ட நீர்யானைக்கும்தான் அஞ்ச வேண்டும். சிங்கம் எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள். ஓடுவதைத் துரத்துவது அதன் சுபாவம். அசையாமல் நின்று, வழிகாட்டி சொன்னபடி மெல்லப் பின்வாங்குங்கள்.

காக்கி, மண் நிற உடை போதும். வெள்ளை தூரத்திலேயே தெரியும். நீலமும் கறுப்பும் செட்சி என்கிற கடி ஈயை இழுக்கும். அது துணிக்கு மேலேயே கடிக்கும். தேக்கடியில் அட்டைப்பூச்சி ஏறாமலிருக்க மாட்டிய காலுறை அந்த வறண்ட மண்ணில் வேண்டாம். ஷூ பழகியதாக இருக்கட்டும்.

மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டுப் புறப்படுமுன்பே தொடங்குங்கள். ஊர் திரும்பியதும் நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. அவர் சொன்ன நாள்வரை விழுங்க வேண்டும்.

பையனுக்கு? பெரும்பாலான முகாம்கள் 12 வயதுக்குக் கீழே நடைக்குச் சேர்ப்பதில்லை. அவனுக்கு ஜீப் சஃபாரிதான்.